தெள்ளுப்பூச்சியும் நம் கொல்லாமையும்

கொல்லாமை என்னும் பேரறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது நம் நெஞ்சில் முதலில் தோன்றுவன ஆடும் மாடும் கோழியும் மீனுமே. அவற்றைக் கொல்லாதிருத்தலும் உண்ணாதிருத்தலும் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுவரும் பழக்கங்கள். காயைப் பிளந்து புழு உண்டா என்று பார்த்து அரிவதும், நீரை வடிகட்டிப் பருகுவதும், பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதும் நம் பெண்டிர்க்குக் கைவந்தவை. இவற்றில் நமக்குப் பெரும் போராட்டம் ஏதும் இல்லை. நம் அறம் சோதனைக்கு உள்ளாவது வேறோரிடத்தில். நம்மைத் தேடிவந்து கடித்துக் குருதி பருகும் சிற்றுயிரிடத்தில்.

இந்நாளில் சென்னையிலும் பிற நகரங்களிலும் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் பூனை வளர்க்கின்றனர். வளர்க்காதவர் வீட்டுப் பரணிலும் தெருப்பூனை வந்து குட்டி ஈன்றுவிடுகிறது. சில திங்களில் வீடெங்கும் தெள்ளுப்பூச்சி. கணுக்காலில் சிவந்த தடிப்புகள். இரவில் குழந்தைக்கு உறக்கம் இல்லை. மருந்திட்டால் கொலைப்பாவம், விட்டுவிட்டால் ஓயாத கடி, என் செய்வது என்று கேட்கும் பாட்டியரையும் தாய்மாரையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் நம் அறத்தின் வேர் எங்கே உள்ளது என்பதை இவ்வினாவைப்போல் காட்டுவது வேறில்லை என்பது என் எண்ணம்.

ஏரிக்கரையில் எழுந்த வினா

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சியது தமிழகத்திலும் பரந்து கிடப்பது. டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையை அமைத்து வணிகம் செய்த ஊர். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் எனக் கரையோரம் மீனவர் குப்பங்கள் பல. அப்பகுதிப் பள்ளியொன்றில் நான் சில ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றினேன்.

அக்குப்பங்களில் பூனை இல்லாத வீடு அரிது. எலி வலையைக் கடித்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு வீணாகும்; கருவாட்டு மூட்டைக்கும் எலியே பகை. ஆதலால் பூனை அங்கே காவலாள். மணல் தரையும், மூலையில் குவிந்த வலையும், ஏரிக்காற்றின் ஈரமும் சேர்ந்த அவ்வீடுகளில் தெள்ளுப்பூச்சியும் உடனுறையும் உயிராகவே இருந்தது.

ஒருநாள் வகுப்பில் திருக்குறளின் கொல்லாமை அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கால் முழுதும் கடித்தடம் கொண்ட சிறுமி ஒருத்தி எழுந்து, “டீச்சர், தெள்ளுப்பூச்சியைக் கொல்லக்கூடாதுன்னா எங்க பூனை என்ன டீச்சர் பண்ணும்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கோ அது நகைத்துக் கடக்கும் வினாவாகத் தோன்றவில்லை. கொல்லலாமா கூடாதா என்றே நாம் கேட்கிறோம். அச்சிறுமியோ, கொல்லாமல் விட்டால் அதன் துன்பத்தை ஏற்பவர் யார் என்று கேட்டாள். இவ்விரண்டாம் வினாவுக்கு விடை சொல்லாமல் முதல் வினாவுக்குச் சொல்லும் விடை முழுமை பெறாது.

தெள்ளின் வாழ்க்கை

விடை தேடுமுன் அவ்வுயிரை அறிந்துகொள்ள வேண்டும். அறியாத உயிருக்கு அருள் செய்ய இயலாது.

பூனையின் மயிரிடையே நாம் காணும் தெள்ளு முதிர்ந்த பூச்சி. பெண் தெள்ளு குருதி பருகிய பின் நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடவல்லது. முட்டைகள் ஒட்டும் தன்மை அற்றவை. ஆகவே பூனை படுக்கும் இடத்திலும் நடக்கும் இடத்திலும் உதிர்ந்துவிடுகின்றன. சில நாட்களில் அவை பொரிந்து சிறு புழுக்கள் வெளிவரும். ஒளியை விரும்பாத அப்புழுக்கள் விரிப்பின் அடியிலும் தரை வெடிப்பிலும் ஒதுங்கி, முதிர்ந்த தெள்ளு கழிக்கும் உலர்ந்த குருதித் துகளை உண்டு வளரும். பின் கூடு கட்டி அடங்கும். அக்கூட்டில் பல வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள்கூடக் காத்திருந்து, காலடி அதிர்வோ உடற்சூடோ மூச்சுக்காற்றோ உணர்ந்தவுடன் வெளிவரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்தவுடன் தெள்ளு பாய்வதன் காரணம் இதுவே.

ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில் பூனையின் மேல் இருப்பவை ஏறத்தாழ நூற்றுக்கு 5 என்றும், மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையிலும் படுக்கையிலுமே உள்ளன என்றும் அறிவியலார் கணிப்பர். இவ்வுண்மையை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் வரும் அறக்கணக்கு இதைப் பொறுத்தது.

தெள்ளால் வரும் துன்பம் அரிப்பு மட்டுமன்று. இளங்குட்டியின் உடலில் தெள்ளு மிகுந்தால் குருதி குன்றி அது இறக்கவும் கூடும். தன்னை நக்கும்போது தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு உண்டாகிறது.

நூல்கள் காட்டும் நெறி

எறும்பு, பேன், மூட்டை முதலியவற்றை நம் நூல்கள் மூவறிவுயிர்கள் என வகுக்கின்றன; ஊறும் சுவையும் நாற்றமும் உணர்வன. தெள்ளும் இவ்வினத்தது. பூனை ஐம்பொறியும் உடையது. பொறி மிகுந்த உயிருக்குச் செய்யும் ஊறு மிகுந்தது என்பது உண்மையே. ஆயினும் பொறி குறைந்தது என்பதற்காக அதனைக் கொல்ல உரிமை பிறந்துவிடுவதில்லை.

இம்சை எது என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம் நாம் அறிந்ததே. உயிர் போதல் என்னும் நிகழ்ச்சியோடு அது நின்றுவிடவில்லை. பிரமாதத்தால், அஃதாவது சோர்வாலும் கவனமின்மையாலும் வேட்கையாலும் உயிருக்கு ஊறு செய்தலை இம்சை என்றது. அமிர்தசந்திராசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை மேலும் விளக்குகிறார். கவனத்தோடு நடப்பவரால் தற்செயலாக ஓர் உயிர் நீங்கினும் அவரை இம்சை சாராது. கவனமின்றி நடப்பவரால் ஓர் உயிரும் நீங்காவிடினும் அவர் இம்சை உடையவரே. ஆகவே “நான் ஒன்றும் செய்யவில்லை” என்று கைகட்டி இருப்பது தானாகவே அகிம்சை ஆகிவிடாது. செய்ய வேண்டியதைச் செய்யாத சோர்வும் இம்சையின் வாயிலே.

இல்லறத்தார்க்கு இம்சை நான்கு வகையாகக் கூறப்படும். கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சை, வீட்டு வேலைகளில் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலில் நேரும் உத்யோக இம்சை, தற்காப்பில் நேரும் விரோத இம்சை என்பன அவை. இவற்றுள் முதலாவதை அணுவிரதம் பூண்ட சிராவகர் அறவே துறக்க வேண்டும். மற்றவற்றை இயன்ற அளவு குறைக்க வேண்டும். தெள்ளைப் பற்றிய வினா இங்கேதான் கடினமாகிறது. பெருக்கும்போது மடியும் தெள்ளு ஆரம்ப இம்சையில் அடங்கும். மருந்தை வாங்கிவந்து இடுவதை அவ்வாறு எளிதில் அடக்கிவிட முடியாது. அதில் எண்ணம் உண்டு. தீங்கு செய்யும் உயிரைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்கும் என்னும் வாதத்தையும் அமிர்தசந்திராசாரியர் ஏற்கவில்லை. வெறுப்பு அருளின் ஆடையை உடுத்திவரும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

இன்னொன்றும் உண்டு. பூனை முதலிய கொன்றுண்ணும் பிராணிகளை வளர்ப்பதை அனர்த்ததண்டம் என்று விலக்கிய நூல்களும் நம்மிடையே உள்ளன. ஆசைக்காகப் பூனை வாங்க எண்ணும் இளைஞர் இதனைச் சிந்திக்க வேண்டும். ஆனால் முன்னரே வந்து நம்மை அண்டி வாழும் பூனையை இதைக் காட்டித் தெருவில் விடுவது நூலைக் கொண்டு நூலின் உயிரைப் போக்குவதாகும்.

சூரத்தில் ஒரு கட்டில்

நம் கொல்லாமையைப் பற்றி அயலார் எழுதிய செய்திகளுள் ஒன்று என் நெஞ்சை நெடுநாள் உறுத்தியது. ஓவிங்டன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1689-இல் சூரத்துக்கு வந்தார். தம் பயண நூலை 1696-இல் வெளியிட்டார். நோயுற்ற விலங்குகளைக் காக்கும் இல்லம் ஒன்று அந்நகரில் இருந்ததாகவும், அதன் அருகே மூட்டை, தெள்ளு முதலியவற்றைப் பேணும் இல்லம் ஒன்றும் இருந்ததாகவும் அவர் எழுதுகிறார். அவ்வுயிர்களுக்கு உணவாகும் பொருட்டு அவ்வப்போது ஓர் ஏழையைக் கூலிக்கு அமர்த்தி, கடி பொறுக்காமல் எழுந்து ஓடிவிடாதபடி கட்டிலோடு பிணித்து, இரவு முழுதும் கிடத்துவர் என்பது அவர் கூற்று.

அயல்நாட்டார் வியப்புக்காக மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் தானியத்தில் தோன்றும் சிற்றுயிர்களை எடுத்துக் காக்கும் அறைகள் குசராத்தின் பாஞ்சராபோல்கள் சிலவற்றில் இருந்தது உண்மை. அவ்வறைகளை நான் போற்றுகிறேன். அக்கட்டிலை மட்டும் போற்ற இயலவில்லை. அதன்மேல் கிடந்தவன் விரதம் பூண்டவன் அல்லன், வறுமையால் வந்தவன். புண்ணியம் பொருள் கொடுத்தவருக்கு, கடி அவனுக்கு என்றால் அது எவ்வகை அறம்?

முனிவர் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முனிவர் பொறுக்க வேண்டிய 22 பரீஷகங்களுள் கொசு, ஈ முதலியவற்றின் கடியைப் பொறுத்தலும் ஒன்று. அவர் பொறுப்பது தம் உடலில். பொறுப்பதும் தாமே விரும்பி. அதனால்தான் அது தவம். சூரத்துக் கட்டிலில் கிடந்தவன் பொறுத்தது தவம் அன்று. அவ்வாறே, “தெள்ளும் ஓர் உயிர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்” என்று நாம் பெருந்தன்மையுடன் கூறிவிட்டால் அப்பெருந்தன்மைக்கு விலை கொடுப்பது நாம் அல்லோம், பூனை. அதனிடம் நாம் சம்மதம் கேட்கவில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடமும் கேட்கவில்லை.

பழவேற்காட்டு மீனவர் ஏரியில் வலையிடும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்வர். அம்முறைக்குப் பாடு என்று பெயர். நல்ல இடமும் மெலிந்த இடமும் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் மாறி மாறி வரும். பாடு என்னும் சொல்லுக்கு உழைப்பு என்றும் துன்பம் என்றும் பொருள் உண்டு. அறத்தைப் பேசும்போதும் யாருடைய பாடு என்று கேட்டுக்கொள்வது நமக்கு நன்று.

இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடையே உண்டு. மருந்துப் பொடியை வாங்கி வேலைக்கார அம்மாளிடம் கொடுத்து, “நாங்கள் கோயிலுக்குப் போய்வருவதற்குள் தூவிவிடு” என்று சொல்லிப் புறப்படுவது. புலாலை விலைக்கு வாங்குபவருக்குப் பழியில்லை என்ற வாதத்தை நீலகேசி மறுத்துரைப்பதை நாம் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அக்கல்வி நம் வீட்டுத் தரைக்கும் பொருந்த வேண்டும்.

தடுத்தலே முதல் அறம்

அங்ஙனமாயின் வழி என்ன? நம் மரபிலேயே வழி உண்டு. நம் முனிவர் இரண்டு முதல் நான்கு திங்களுக்கு ஒருமுறை தம் தலைமயிரைக் கையால் களைகின்றனர். உடற்பற்றின்மை அதன் உட்பொருள். மயிரில் பேன் முதலிய உயிர்கள் தோன்றாமலும், தோன்றியவை கையால் மடியாமலும் காத்தல் அதன் பயன்களுள் ஒன்று. இரண்டறிவு முதல் நான்கறிவு வரையுள்ள உயிர்கள் ஈரம், அழுக்கு முதலிய இடங்களில் தோன்றுவன என்று நூல்கள் கூறும். முட்டையிலிருந்து வருவன என்று அறிவியல் கூறும். விளக்கம் வேறு வேறு. கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கமோ ஒன்றே: பிறந்த பின் கொல்லாதே, பிறக்க இடம் தராதே.

இப்போது முன் கூறிய கணக்கைக் கொள்வோம். நாளுக்கு 40 முட்டை வீதம் ஒரே ஒரு பெண் தெள்ளு 30 நாளில் 1200 முட்டைகள் இட முடியும். ஒரு மாதம் சோம்பியிருந்து பின் நச்சு தெளிப்பவர் ஆயிரக்கணக்கான உயிர்களுக்குக் கூற்றுவர் ஆகிறார். நாள்தோறும் பெருக்கியும் சீவியும் வருபவர் வீட்டில் மடிபவை ஒரு சிலவே. சோர்வு இம்சைக்கு வாயில் என்று நூல் கூறியதை இந்தக் கணக்கு மெய்ப்பிக்கிறது.

அச்சிறுமியின் தாய் நாள்தோறும் மாலையில் வாசற்படியில் அமர்ந்து பூனைக்குட்டியை மடியில் கிடத்திப் பேன்சீப்பால் வாரிவிடுவதைக் கண்டிருக்கிறேன். சாக்குகளையும் பாய்களையும் நாள்தோறும் வெயிலில் இடுவார். வீட்டைக் காலையிலும் மாலையிலும் பெருக்குவார். ஒருநாள் நான் வினவியபோது, “அது என்னை நம்பி வந்து படுக்குது டீச்சரம்மா, நான் பாக்கலன்னா யாரு பாக்குறது?” என்றார். சீப்பில் வந்த தெள்ளை அவர் நீர்ச்சட்டியில் இட்டார் என்பதையும் சொல்லவேண்டும். மீன் பிடித்து வாழும் குடும்பம் அது. நம் விரதங்கள் அவருக்கு இல்லை. எனினும் யத்னம் என்று நாம் கூறும் கவனம் அந்த மடியில் இருந்தது. அதனை அவரிடம் கற்பதில் நமக்கு இழிவில்லை.

நாம் செய்யத்தக்கவை இவை. பூனை படுக்க ஒரே துணியைப் பழக்கி, அதனை வாரம் ஒருமுறையேனும் துவைத்து வெயிலில் உலர்த்துக. நாள்தோறும் மூலை முடுக்கெல்லாம் பெருக்குக. ஈரத்தைத் தேங்கவிடாது வெளிச்சமும் காற்றும் வரச் செய்க. பேன்சீப்பால் நாள்தோறும் வாருக.

செய்யத்தகாதவையும் உண்டு. மண்ணெண்ணெய் பூசுதல் கொடுமை. பூனை அதை நக்கி உட்கொள்ளும். பினாயில் இட்டுக் கழுவிய ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு அதுவும் நஞ்சு. கற்பூரமும் அந்துருண்டையும் அத்தகையனவே. உணவில் பூண்டு கலந்து கொடுத்தால் தெள்ளு ஓடும் என்பர் சிலர். நாம் விலக்கும் பூண்டும் வெங்காயமும் பூனையின் குருதியைக் கெடுப்பவை. நாய்களுக்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்கு இட்டால் அது துடித்து இறக்கக்கூடும். ஒரு சிற்றுயிரிடமிருந்து காக்கப் புகுந்து ஐம்பொறியுயிரைக் கொல்லும் அறியாமை இது.

பெருக்குமாற்றின் ஆற்றலை எளிதாக எண்ண வேண்டா. அதே சூரத்து நகரம் இதற்குச் சான்று. எலித்தெள்ளே பிளேக் நோயைக் கடத்துகிறது என்பதை 1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கண்டறிந்தார். அது பூனைத்தெள்ளினும் வேறான இனம். 1994-இல் சூரத்தில் பிளேக் பரவியபோது மக்கள் பெருந்திரளாக நகரை விட்டு ஓடினர். 1995-இல் ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ராவ் குப்பையை நாள்தோறும் அகற்றும் ஒழுங்கை நிலைநாட்டினார். சில ஆண்டுகளுக்குள் அந்நகர் நாட்டின் தூய நகரங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது.

எஞ்சும் குறை

இவ்வளவு செய்தும் தெள்ளு மிகுந்து, குட்டி குருதி குன்றி வாடினால் என் செய்வது? வாரி எடுத்த தெள்ளை மணலில் விட்டுவிட்டோம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோர் உண்டு. குருதிக்குப் பழகிய முதிர்ந்த தெள்ளு பூனையை விட்டுப் பிரிந்தால் சில நாட்களில் மடியும்; அல்லது அண்டை வீட்டுப் பூனையின்மேல் பாயும். நம் கண்ணுக்கு மறைந்தது கொலை நீங்கியதற்கு அடையாளம் அன்று.

அந்நிலையில் கால்நடை மருத்துவரை அணுகுவதே தக்கது. முட்டை பொரியாமலும் புழு வளராமலும் தடுக்கும் மருந்துகள் உள்ளன. முதிர்ந்த பூச்சியைக் கொல்லும் மருந்துகளும் உள்ளன. முன்னதில் ஊறு குறைவு. அதனை முதலில் கேட்டுப் பெறலாம். அதுவும் போதாது, குட்டி பிழைக்காது என்று மருத்துவர் கூறினால் பின்னதையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதற்கு அறம் என்று பெயரிடமாட்டேன். ஆசாரியர் மறுத்த வாதத்தை எடுத்து, பல உயிர் பிழைக்கச் சில உயிர் போகலாம் என்று கூறி என் கையைக் கழுவிக்கொள்ளமாட்டேன். இது என் இல்லறத்தின் குறை. நான் முன்னரே கவனம் செலுத்தியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்று உணர்ந்து, அன்று மாலைப் பிரதிக்கிரமணத்தில் அவ்வுயிர்களிடமும் பொறுத்தருள வேண்டி, மறுநாள் முதல் சீப்பையும் பெருக்குமாற்றையும் முன்னிலும் கருத்தாக எடுப்பதே செய்யத்தக்கது.

இதனைச் சிலர் தளர்ந்த நெறி என்பர்; சிலர் மிகை என்பர். இரு சாராரிடமும் நான் வேண்டுவது ஒன்றே. பூனையை வளர்க்க விரும்பும் பிள்ளையிடம் அதனைச் சீவும் பொறுப்பையும் சேர்த்தே கொடுங்கள். மாலையில் 10 நிமிடம் அப்பிள்ளை அமர்ந்து, மயிர் மயிராக விலக்கி, ஒரு சிற்றுயிரைத் தன் கண்ணால் கண்டு, இதற்கும் வாழ ஆசை உண்டு, இப்பூனைக்கும் உண்டு என்று எண்ணட்டும். அவ்வெண்ணத்தோடு வளரும் பிள்ளைக்குக் கொல்லாமையை நாம் தனியே கற்பிக்க வேண்டியிராது.